புள்ளி வைத்த ஸ்க்ரூ

மூன்று ஸ்க்ரூக்களின் தலையைச் சிதைத்த பிறகுதான்
குற்றம் துருவினுடையதல்ல என்று புரிந்தது.

அதுவரை திட்டிக்கொண்டிருந்தேன்
ரெட்டேரிக் காற்றை,
மிக்ஜாமை,
கதவின் உள்பக்கம் இன்னும் கோடாக நிற்கும்
அந்த டிசம்பர்த் தண்ணீரை,
பதினோராயிரத்துக்கு இதை என் தலையில் கட்டிய
புதுப்பேட்டை மஸ்தானை.

எண்பத்தைந்தாம் வருடத்துச் சுசுகி.
ஜப்பானிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து
இங்கே முடுக்கப்பட்ட உடம்பு.
மூன்று சிலிண்டர்.
மூன்றும் மௌனவிரதம்.

ஞாயிற்றுக்கிழமைகளில்
எங்கள் அபார்ட்மெண்டின் ஏழாம் தூணருகே
கோணி விரித்துப் படுத்து
அதன் வயிற்றைப் பார்ப்பேன்.
மற்ற ஆறு நாளும் டயாலிசிஸ் வார்டில்
மனிதர்களின் குழாய்களைப் பார்க்கிறவள்.
மடங்கக்கூடாது, கசியக்கூடாது, குமிழி ஏறக்கூடாது.
பெட்ரோல் லைனுக்கும் அதே சட்டம்தான்.
இது மட்டும்
"சிஸ்டர், இன்னும் எவ்ளோ நேரம்?" என்று கேட்பதில்லை.

நான்காவது ஸ்க்ரூவைத் தொடுமுன்
செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கினேன்.
கூட்டல் குறியின் ஓரத்தில்
ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி.
அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.
பழுதல்ல, அடையாளம்.
இந்தக் குறுக்குப் பள்ளம் வேறு கணக்கில் வெட்டியது.
நம் கடை முனை பாதி இறங்கி
வழுக்கி
திருகுவதாக நம்பவைத்துச் சுரண்டும்.

புள்ளி வைத்தால் மெய்.
ஒன்றாம் வகுப்புப் பாடம்.
நாற்பது வருடமாகத் தலையில் எழுதிவைத்துக்கொண்டு
காத்திருந்திருக்கின்றன இவை.
படிக்காமல் திருகியவள் நான்.

பழைய ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் முனையை
கிரைண்டரில் தேய்த்தேன். அரை மில்லிமீட்டர் போயிருக்கும்.
பொறி பறப்பதைப் பால்கனியிலிருந்து பார்த்தார்
சங்கச் செயலாளர் சம்பந்தன்.
மறுநாள் லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ்:
"பார்க்கிங்கில் பழைய பொருட்களை போட கூடாது."
இரண்டு ஒற்று விட்டிருந்தார்.
ஒரு ப், ஒரு க்.
பேனாவால் சேர்த்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

தேய்த்த முனை உட்கார்ந்தது.
அழுத்தவே இல்லை. கால் சுற்று.
டிக்.
நாற்பது வருட இறுக்கம் விட்டுக்கொடுத்த சத்தம்
அவ்வளவு சின்னது.
நான் சிதைத்த மூன்றை மட்டும்
துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது.
அந்த இடங்களில் இப்போது
புள்ளியில்லாத உள்ளூர்க்காரர்கள் மூவர்.

பிரித்த கார்புரேட்டரை
இட்லித்தட்டின் குழிகளில் அடுக்கினேன்.
முதல் குழியில் மெயின் ஜெட்,
இரண்டாவதில் மிதவையின் ஊசி,
மூன்றாவதில்
எங்கிருந்து விழுந்ததென்று தெரியாத ஒரு ஸ்பிரிங்.
ஜெபசிங் எட்டிப் பார்த்தான்.
"அப்ப காலையில உப்புமாவா?"
வேறொன்றும் கேட்கவில்லை.
இப்படியே பதினாறு வருடம் ஆகிவிட்டது.

மண்ணெண்ணெயில் ஊறவைத்து
பல் பிரஷ்ஷால் தேய்த்து
ஜெட்டின் துளை வழியே ட்யூப்லைட்டைப் பார்த்து
எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன்.
சாவியைத் திருப்பினேன்.

க் க் க் க்

கீழே படுத்திருந்த நாய்
இடம் மாறிப் படுத்தது.
சோக்கை இழுத்து மறுபடியும்

க் க் க்

உயிர் வந்து ஏறாத மெய் எழுத்து
உதட்டில் முட்டி நிற்கிறது.
வார்டில் அலாரம் அடித்தால்கூட
இப்படி எனக்கு வியர்த்ததில்லை.

நாலாவது திருப்பில்
கா
என்றொரு இருமல்.
வெள்ளைப் புகை.
ஒரு சிலிண்டர் பிடித்துக்கொண்டது.
கொஞ்சம் யோசித்து இன்னொன்று.
நொண்டியடித்து, முழு உடம்பும் உதறி,
கண்ணாடியில் கட்டிய எலுமிச்சம்பழம் ஆட
நின்றபடியே ஓடியது.

"வண்டி ஓடுதாம்மா?"
தூணுக்குப் பின்னாலிருந்து சம்பந்தன்.
எப்போது இறங்கி வந்தாரென்று தெரியவில்லை.
"ரெண்டு ஓடுது சார். ஒண்ணு இன்னும் வரல."

இட்லித்தட்டின் மூன்றாம் குழியில்
அந்த ஸ்பிரிங்
அப்படியே இருக்கிறது.